முதலை அழுத துக்க வீடு

விலங்குகளும் மனிதரும் ஒரே பாஷை பேசி, ஒருவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு மற்றவர் போய்வந்த காலம் ஒன்று இருந்தது. அப்போது அமராவதி ஆற்று மடுவில் பாவாத்தாள் என்றொரு முதலை வாழ்ந்தாள். அவளை யாரும் எதற்கும் அழைப்பதில்லை. கல்யாணத்துக்குப் போனால் பந்தலே காலியாகிவிடும். கரையேறி, "சௌக்கியங்களா?" என்று யாரையாவது கேட்டால், அவர் பதில் சொல்லாமல் மரத்தில் ஏறிவிடுவார். பாவாத்தாளுக்கு இது பெரிய மனக்குறை.

ஒருநாள் கிழட்டு நாரை ஒன்று இறந்துபோனது. அந்தக் காலத்தில் விலங்குகளுக்குக் கண்ணீர் வராது. தொண்டை கிழியக் கத்தும். கண் மட்டும் காய்ந்தே இருக்கும். துக்க வீட்டில் எல்லாரும் அதை நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் பின்னால், ஒரு மூலையில், அழைக்காமலே வந்த பாவாத்தாள். வருகிற வழியில் பிடித்த கெளுத்தி மீன் இன்னும் அவள் வாயில் இருந்தது. மெதுவாக மென்றாள். தாடை அசைந்தால் கண்ணில் நீர் ஊறும் பிறவி அவள். பொலபொலவென்று கொட்டியது.

"கண்ணுல தண்ணி!" என்று ஆமை கூவியது. "பெத்த புள்ளைகளுக்கே வரல. பாவாத்தாளுக்கு வந்திருச்சு பாருங்க!"

விஷயம் அதுவல்ல என்று சொல்லலாமென்றால் வாயில் மீன். பாவாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அதற்குப்பின் அவளில்லாமல் அந்தக் கரையில் சாவு வீடே இல்லை. "அக்கா வந்தாச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் பிணத்தை எடுத்தார்கள். தலைமாட்டில் அவளுக்குத் தனிப் பாய் போட்டார்கள். மான்கூடப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அழுவாதீங்கக்கா" என்று முதுகைத் தடவிக்கொடுத்தது. பாவாத்தாளுக்கு அந்தத் தடவல் மீனைவிட ருசித்தது. ஒவ்வொரு சாவுக்கும் கன்னத்தில் ஒரு மீனை அடக்கிக்கொண்டு போய்வந்தாள்.

ஒரு கோடையில் ஆறு வற்றியது. மடுவில் மீன் தீர்ந்துபோனது. பாவாத்தாள் பட்டினியாகக் கிடந்த நேரம் பார்த்து, பரிசல்காரர் ராக்கியப்பன் வந்து சேதி சொன்னார். நீர்நாய் சென்னியப்பன் போய்விட்டான்.

"எனக்கு மேலுக்கு முடியலைங்க," என்றாள் பாவாத்தாள்.

"அப்படிச் சொல்லாதீங்க. நீங்க அழுதாத்தான் எடுக்கோணும்னு அவன் பொண்டாட்டி தேவாத்தா ஒரே புடியா நிக்கறா. வாங்க, போலாம்."

போனாள். பாயில் உட்கார்ந்தாள். எல்லாரும் அவள் கண்ணையே பார்த்தார்கள். வெறும் வாயை மென்று பார்த்தாள். ஒரு சொட்டும் வரவில்லை.

"என்னக்கா, எங்கூட்டுக்காரருக்கு மட்டும் அழுவ மாட்டீங்களா?" தேவாத்தாளின் குரல் உடைந்தது. "அவுரு அப்படி என்ன தப்புப் பண்ணிட்டாருங்க?"

கூட்டம் முணுமுணுத்தது. மான் தடவுவதை நிறுத்திவிட்டது. பாவாத்தாளுக்கு வயிற்றில் பசி, நெஞ்சில் பயம்.

"எல்லாரும் கண்ணை மூடிச் சாமியக் கும்புடுங்க," என்றாள்.

மூடினார்கள். சென்னியப்பனின் வால் நுனியை மட்டும் வாயில் வைத்து மென்றாள். கண்ணில் ஈரம் கசிந்தது. இன்னும் கொஞ்சம் மென்றாள். இன்னும் கொஞ்சம் வந்தது. எங்கே நிறுத்துவது என்று அப்புறம் அவளுக்குத் தெரியவில்லை.

அவர்கள் கண்ணைத் திறந்தபோது பாவாத்தாளின் முகமெல்லாம் கண்ணீர். பாய்கூட நனைந்திருந்தது. பாடை காலி.

"அக்கா, அழுததெல்லாம் சரிங்க," என்றாள் தேவாத்தாள் மெதுவாக. "அவுரு எங்கங்க?"

பாவாத்தாள் வாயைத் திறக்கவில்லை. வாயோரம் சென்னியப்பனின் மீசை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

மான் எந்தப் பக்கம் ஓடியது என்று யாரும் பார்க்கவில்லை, எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். தேவாத்தாள் மட்டும் நின்று, "துக்கத்துக்கு வந்தவ எழவையே தின்னுபோட்டியே!" என்று நீர்க்குடத்தைத் தூக்கி அவள் மேல் எறிந்தாள்.

பாவாத்தாள் மடுவுக்குத் திரும்பிப் படுத்தாள். இனி யாரும் தனக்குப் பாய் போடமாட்டார்கள், முதுகைத் தொடமாட்டார்கள் என்று நினைத்ததும் அழுகை வந்தது. வாயில் ஒன்றுமே இல்லாமல் கண்ணில் நீர் வழிந்தது.

அந்த வழியாகப் போன ஆமை எட்டியே நின்றது. "ஆரைத் தின்னுபோட்டு அழுவறீங்க?"

"ஆரையும் இல்லீங்க. நெசமாத்தான் அழுவறேன்."

"இருக்கும், இருக்கும்," என்று ஆமை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டது.

கொஞ்ச நாளில் ராக்கியப்பனின் சேவல் காணாமல் போனது. அதை அடித்துக் குழம்பு வைத்துத் தின்ற அவர் மச்சினன், வாசலில் வந்து நின்று, "எப்படி வளத்த சேவலுங்க மாமா!" என்று கண்ணைத் துடைத்தான். விரலில் இன்னும் குழம்பு வாசனை. ராக்கியப்பன் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்த முதலைக் கண்ணீரெல்லாம் எங்கிட்ட வேண்டாம் மாப்ள."

பொய் அழுகைக்கு அந்தப் பெயர் அப்படி வந்து ஒட்டிக்கொண்டதுதான். இன்றைக்கும் நாம் அதையே சொல்கிறோம். ஆங்கிலம் பேசுகிறவர்களும் அவர்கள் மொழியில் அதையே சொல்கிறார்கள். பாவாத்தாள் ஒருநாள் நிஜமாக அழுததற்குத்தான் எந்த மொழியிலும் ஒரு சொல் இல்லை.