விருந்தாளிக்கு எதற்கு விலாசம்

“உள்ள இருந்து வெளிய போகுதுங்கய்யா. வெளிய இருந்து யாரும் உள்ள வர முடியலீங்க” என்றார் மரகதம்.

அய்யா கண்ணை மூடினார்.

யார் என்ன கேட்டாலும் அவர் முதலில் கண்ணைத்தான் மூடுவார். வடவள்ளியில் உள்ள அந்த வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மனக்கஷ்டத்தோடு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அதுவே போதும். கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மீதிப் பேர் விடமாட்டார்கள். வீட்டுக்குப் போய் மெயிலில் கேட்பார்கள்.

அந்த மெயிலுக்கெல்லாம் பதில் எழுதுவது மரகதம். கீழே பெயர் மட்டும் அய்யாவுடையது.

அய்யா கண்ணைத் திறந்தார். “மனசைப் பத்திக் கேக்கறியாம்மா?”

“இல்லீங்க. சர்வரைப் பத்தி.”

“அப்படியா” என்றார் அய்யா. நல்ல பதிலாக ஒன்று கைவசம் வைத்திருந்தார் போலிருக்கிறது.

சர்வர் என்றால் ஒரு பழைய கணினிதான். ஸ்டோர் ரூமில் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் இருந்தது. அய்யாவின் பேச்சுகளெல்லாம் அதில்தான் இருந்தன. இப்போது கேள்வி பதிலுக்கென்று தனியாக ஓர் இணையப் பக்கம் வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாதென்று மரகதம் அந்தப் பெட்டிக்குள்ளேயே இன்னொரு கணினியை உண்டாக்கினார். கையால் தொட முடியாத கணினி. பெட்டியின் மெமரியில் கொஞ்சம், டிஸ்கில் கொஞ்சம் வாங்கிக்கொண்டு தனியாக ஓடும். விர்ச்சுவல் மெஷின் என்பார்கள்.

மரகதம் கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் வேலை பார்த்தவர். கணவர் போன பிறகு நிம்மதி தேடி இங்கே வந்தார். வந்தவருக்கு வேலை கிடைத்தது.

இன்ஸ்டால் நன்றாகத்தான் ஆயிற்று. உள்ளே இருக்கும் கணினி இணையத்துக்குப் போய்த் தனக்கு வேண்டியதையெல்லாம் இறக்கிக்கொண்டது. ஆனால் அதில் வைத்த பக்கம், அதே வீட்டில், அதே வைஃபையில், மரகதத்தின் போனில் திறக்கவில்லை. வெளியாரைத் தடுக்கும் ஃபயர்வாலை அணைத்துப் பார்த்தார். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து இன்ஸ்டால் செய்தார். எது நடந்தாலும் தப்பு தன்மேல்தான் என்று நினைத்து அவருக்குப் பழகிவிட்டது.

இன்று காலையில்தான் காரணம் பிடிபட்டது.

“அதுக்குன்னு தனி விலாசம் இல்லீங்கய்யா. பெட்டியோட விலாசத்துலதான் வெளிய போகுது. பதில் வந்தாலும் பெட்டிக்குத்தான் வருது. பெட்டி வாங்கி உள்ள குடுக்குது. வெளிய இருக்கறவங்களுக்கு உள்ள ஒண்ணு இருக்கறதே தெரியாதுங்க.”

“போகுதல்ல? வருதல்ல?”

“போகுதுங்க, வருதுங்க. ஆனா அதைத் தேடி யாரும் வர முடியாது. தனியா ஒரு விலாசம் வாங்கிக் குடுத்துடட்டுங்களா?”

அய்யா யோசித்தார்.

“இந்த வேலையில பெட்டியை வீட்டுக்காரர்ம்பாங்க” என்று மரகதமே சொன்னார். “உள்ள இருக்கறதை விருந்தாளிம்பாங்க.”

அய்யா சிரித்தார். “விருந்தாளிக்கு எதுக்கும்மா விலாசம்?”

“வேலையெல்லாம் விருந்தாளிதானுங்க செய்யுது.”

“செய்யட்டுமே. போற காரியம் போகுது, வர்ற காரியம் வருது. நடுவுல நான்னு ஒண்ணு எதுக்கு?”

அந்த ஞாயிறும் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மரகதத்துக்குப் பல்லடத்துப் பெண்ணின் ஞாபகம் வந்தது.

போன மாதம் வந்தவள். குழந்தையைப் பறிகொடுத்தவள். “நீங்க எழுதுன அந்தப் பதில் வரலீன்னா இன்னைக்கு நான் இல்லீங்க” என்று அய்யாவின் காலில் விழுந்து அழுதாள். அந்தப் பதிலை அழுதுகொண்டே எழுதியவர் மரகதம். அய்யா அந்தப் பெண்ணின் தலையில் கை வைத்தார். மரகதம் காபி கொண்டுவந்து கொடுத்தார். “சர்க்கரை போதுமா கண்ணு?” என்று கேட்டார். அவளிடம் வேறு எதுவும் பேசவில்லை.

அய்யா அப்போது ஒரு தடவை மரகதத்தைத் திரும்பிப் பார்த்திருக்கலாம். அதுகூடப் போதும். அவர் பார்க்கவில்லை.

அவள் போன பிறகு மரகதம் கேட்டார். “இனிமே என் பேர்லயும் எழுதலாமுங்களா?”

“இன்னும் பக்குவம் வரலைம்மா.”

வருடக்கணக்காக அவர் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார். வருடக்கணக்காக அய்யா இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். பதில் எழுதுவதற்கு வந்த பக்குவம் கீழே பெயர் போடுவதற்கு மட்டும் ஏன் வரவில்லை என்று அவர் கேட்டதில்லை.

இப்போது கேட்டார்.

“பெட்டி மட்டும் நான்னு சொல்லிக்கலாமுங்களா?”

அய்யா கண்ணை மூடினார்.

மரகதம் காத்திருந்தார். கண் திறக்கிற மாதிரி தெரியவில்லை. எழுந்து ஸ்டோர் ரூமுக்குப் போனார்.

மாற்ற வேண்டியது ஒரே ஒரு வரிதான். உள்ளே இருப்பது பெட்டி வழியாகவே போக வேண்டுமா, வீட்டுக்கு வைஃபை கொடுக்கும் ரவுட்டரோடு தானே நேராகப் பேசலாமா. நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது பெட்டி வழியாகவே போகும். மரகதம் அந்த வரியை மாற்றினார். விருந்தாளியை நிறுத்தி மறுபடி கிளப்பினார்.

ரவுட்டர் அதற்கு ஒரு விலாசம் கொடுத்தது. போனில் பக்கம் திறந்தது.

மரகதம் அரிசி டிரம்மைப் பிடித்துக்கொண்டு அழுதார். சந்தோஷத்தில் இல்லை. இவ்வளவுதானா என்ற ஆத்திரத்தில்.

முகத்தைக் கழுவிக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது அய்யா கண்ணைத் திறந்திருந்தார். மற்றவர்கள் போய்விட்டிருந்தார்கள்.

“என்ன ஆச்சு?”

“சரியாயிருச்சுங்க. தனி விலாசம் கிடைச்சிருச்சு.”

“யாரைக் கேட்டுக் குடுத்தே?”

“நான் குடுக்கலீங்கய்யா. ரவுட்டர் குடுத்துச்சு. அது யார் கேட்டாலும் குடுக்கும்.”

“அப்ப இத்தனை நாளா ஏன் குடுக்கல?”

“இத்தனை நாளும் இது பெட்டிகிட்டயே கேட்டுட்டு இருந்துச்சுங்க. பெட்டி, உள்ளுக்குள்ள புழங்கறதுக்கு மட்டும் ஒரு நம்பரைக் குடுத்து உக்கார வெச்சிருச்சு.”

மரகதம் ஸ்டோர் ரூம் சாவியை அய்யாவுக்குப் பக்கத்தில் வைத்தார். வாசலுக்குப் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டார்.

“மரகதம்.”

திரும்பினார்.

“நாளைக்குக் கேள்வியெல்லாம் வருமே. நான் என்ன பண்றது?”

“நீங்க கண்ணை மூடுங்க. பாதிப் பேருக்கு அதுவே போதுமுங்க.”

“மீதிப் பேருக்கு?”

“என் விலாசத்தைக் குடுங்க.”