வெங்காயத்தோல் கஷாயம்

கோமதிநாயகம் தன் குருவைவிட மூத்த சீடர். கல்லூரியில் இருபது வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்துவிட்டு, தலை நரைத்த பிறகு ஆய்வுப் பட்டத்துக்குச் சேர்ந்தவர். வழிகாட்டியாக அமைந்த ஜமீலாவுக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. அவர் "மேடம்" என்பார், ஜமீலா "சார்" என்பார். இதில் யார் குரு என்று புதிதாக வருகிறவர்கள் குழம்புவதுண்டு. கோமதிநாயகம் குழம்பியதில்லை.

அவருடைய ஆய்வு வெங்காயத்தோலில். நாம் உரித்துக் குப்பையில் போடுகிற அந்தச் சிவந்த சருகில் ஃபிளேவனாய்டு என்ற பொருள் நிறைய இருக்கிறது. அதைப் பிரித்தெடுத்து, கண்ணாடிக் கிண்ணத்தில் வளரும் புற்றுநோய்ச் செல்களின் மேல் விட்டால் அவற்றின் வளர்ச்சி மட்டுப்பட்டது. அவர் கண்ணால் கண்டது.

செல்களை உயிரோடு வைத்திருப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. பழைய ஊட்டநீரை எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஆய்வுக்கூடத்தில் இதைச் 'சோறு வைப்பது' என்பார்கள். யாருடைய செல்லோ அவரேதான் சோறு வைக்க வேண்டும் என்பது ஜமீலா போட்ட சட்டம். தீபாவளியானாலும் சரி, வீட்டில் விசேஷமானாலும் சரி, கோமதிநாயகம் வந்துவிடுவார். "செல்லுக்கு லீவு கிடையாது" என்பார் பெருமையாக.

அந்தத் திங்கட்கிழமை காலை அவர் கையில் ஒரு ஃபிளாஸ்க் இருந்தது. முகம் வாடியிருந்தது.

"மேடம், ஒண்ணு கேக்கணும். நம்ம சாறு வேலை செய்யுமா, செய்யாதா?"

"கிண்ணத்துலயா?"

"எங்க வீட்ல அவளுக்கு."

ஜமீலா கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

அவர் மனைவி பொற்செல்விக்கு மார்பில் புற்றுநோய். அறுவை முடிந்து ஊசிமருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் குடலே வெளியில் வந்துவிடுவது போல வாந்தி. எழுந்து நடமாடவே ஒரு வாரம் ஆகும். அடுத்த ஊசி வியாழக்கிழமை. இனி வரவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

"என்ன சொல்லுதா தெரியுமா மேடம்? நீங்கதான் கண்டுபிடிச்சிட்டீங்களே, வெண்ணெயைக் கையில வச்சிக்கிட்டு யாராவது நெய்க்கு அலைவாங்களாங்கா. தோலை அவளே வேகவச்சுக் குடிக்கா. ரொம்ப நாள் கழிச்சு முகத்துல சிரிப்பைப் பாக்கேன். வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரல."

"வாய் வரலயா, மனசு வரலயா?"

அவர் தரையைப் பார்த்தார். "நானும் நம்புதேன் மேடம்."

"ஃபிளாஸ்க்குல இருக்கிறது அதுதானா?"

"எனக்கும் குடுத்துவிட்டா. வருமுன் காக்கணுமாம்."

"இப்ப குடிக்காதீங்க. என்கூட வாங்க."

ஜமீலா அவரை வளாகத்து மருத்துவ அறைக்கு அழைத்துப் போனார். நர்ஸ் அவர் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி ஒரு குழாய் ரத்தம் எடுத்தார்.

"இனி குடிங்க சார். முழுசும்."

துவர்ப்பு தொண்டையைப் பிடித்தது. குடித்தார். மதியம் போல மறுபடி ரத்தம் எடுத்தார்கள்.

ஜமீலா இரண்டு ரத்தத்திலிருந்தும் தெளிந்த நீரைப் பிரித்து, தனித்தனிக் கிண்ணத்தில் செல்களுக்கு விட்டார். எது எந்த ரத்தம் என்று தாளில் எழுதி மடித்துக்கொண்டார். மூன்றாவது கிண்ணத்தில், வழக்கம்போல, சாற்றையே நேராக விட்டார். ஏன் என்று கோமதிநாயகம் கேட்கவில்லை. கேட்காமலே பாதி புரிந்துவிட்டது.

புதன்கிழமை மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தார்.

"முதல்ல மூணாவதைப் பாருங்க."

செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சுருங்கிக் கிடந்தன. அவருக்கு மூச்சு வந்தது.

"இப்ப மத்த ரெண்டும். கஷாயம் குடிச்ச அப்புறம் எடுத்தது எது?"

ஒன்றைப் பார்த்தார். கிண்ணம் நிறையச் செல்கள், சந்தைக் கூட்டம் போல நெருக்கியடித்துக்கொண்டு. மற்றதைப் பார்த்தார். அதிலும் அப்படியே. மாற்றி மாற்றி வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். வேறு யாராவது என்றால் ஏதோ ஒன்றைக் காட்டித் தன் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பார்கள். இவர் வருடக்கணக்காக இதே செல்களைப் பார்த்து வருகிறவர். இவர் கண் இவரையே ஏமாற்றாது. அதுதான் வினை.

"தெரியல மேடம்."

"எனக்கும் பார்த்தாத் தெரியல சார். தாளைப் பிரிச்சாத்தான் தெரியும்."

"அப்போ குடிச்சது எங்க போச்சு?"

"குடல்ல பாதி நின்னிருக்கும். மிச்சத்தைக் கல்லீரல் வேற ஆளா மாத்தியிருக்கும். கிண்ணத்துக்குக் குடலும் இல்ல, கல்லீரலும் இல்ல."

"நான் இத்தனை வருஷமா பார்த்தது பொய்யா?"

"மூணாவது கிண்ணம் உங்க முன்னாலதானே இருக்கு. நீங்க பார்த்தது நிஜம். அதிலிருந்து நாளைக்கு ஒரு மருந்து வரலாம், வராமலும் போகலாம். இந்த ரெண்டு கிண்ணமும் ஒரே ஆள் ரத்தம், ஒரே நாள் ரத்தம். இதை வச்சு நான் ஒரு வரி எழுத மாட்டேன்."

மைக்ராஸ்கோப் விளக்கை அணைத்துவிட்டுச் சொன்னார்.

"ஆனா ஊசியை நிறுத்த உங்ககிட்ட இந்த அளவு ஆதாரம்கூட இல்லையே சார்."

கோமதிநாயகத்துக்குக் கண் கலங்கியது. மறைக்கவில்லை.

"அவகிட்ட நான் என்னத்தச் சொல்லுவேன்? அந்தக் கஷாயம் குடிக்க ஆரம்பிச்ச பிறகுதான் பயப்படாம தூங்குதா."

"ஊசிக்கு அவங்க கூட யார் போறாங்க?"

"அவ தம்பி."

"நீங்க?"

"வியாழக்கிழமை செல்லுக்குச் சோறு வைக்கிற நாள் மேடம்."

சொல்லி முடித்த பிறகுதான், சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. ஊசி போட்டுக்கொண்டு பொற்செல்வி வீடு திரும்பிய சாயங்காலங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஒரு தடவைகூட "நீங்க வரலையா" என்று அவள் கேட்டதில்லை.

ஜமீலா கையை நீட்டினார்.

"செல் அறைச் சாவியைக் குடுங்க."

கொடுத்தார்.

"நாளைக்கு உங்க செல்லுக்கு நான் சோறு வைக்கிறேன் சார்."