கைக்குள் இல்லாத நரி

முன்பு ஒரு காலத்தில் பூங்குன்றை நாட்டை மகரகேது என்ற ராஜா ஆண்டுவந்தார். அவருக்கு நாளுக்கொரு ஆசை. அடைமழையில் வேட்டைக்குப் போக முடியாமல் போனதும், அரண்மனைக்குள்ளேயே ஆட 'நரியாட்டம்' என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்.

ஐந்து ஓலை நறுக்குகள். நான்கில் ஆடு, ஒன்றில் நரி. ஐந்து பேர் ஆளுக்கொன்றை எடுத்துக் கைக்குள் மூடிக்கொள்வார்கள். ஆறாவது ஆள் கேள்வி கேட்டு, நரி யாரென்று சொல்ல வேண்டும். அகப்படாத நரிக்குப் பட்டுச் சால்வை.

மந்திரி செங்கண்ணரின் பதவி மேல் அரண்மனை அதிகாரி வச்சிரபாகுவுக்கு நெடுநாளாக ஒரு கண். ஒருநாள் அவர் எழுந்தார்.

"மகாராஜா! முகத்தைப் பார்த்தே கள்ளனைப் பிடிப்பவராம் நம் மந்திரி. ஒரே ஒரு பெயர் சொல்லட்டும். தவறினால் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு நாட்டைவிட்டே போகட்டும்!"

"பலே!" என்று ராஜா கைதட்டினார். "என்ன செங்கண்ணரே, பயமா?"

"பயம்தான் மகாராஜா. வருஷத்துக்குத் தேவையான புளியை நேற்றுதான் வாங்கிப் போட்டோம்."

சபை சிரித்தது. 

வச்சிரபாகுவே ஓலைகளில் படம் கீறி, ராஜாவிடம் காட்டி, குடுவையில் போட்டுக் குலுக்கினார். சேனாதிபதி, சோதிடர், வைத்தியர், யானைப்பாகன், சமையற்காரர் ஐவரும் எடுத்தார்கள். நாழிகை வட்டிலில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. அது நிரம்புவதற்குள் பெயர் சொல்லியாக வேண்டும்.

"யார் மேல் சந்தேகம்?" என்று கேட்டார் செங்கண்ணர்.

"சோதிடர்தான்! திருட்டு முழி!" என்றார் சேனாதிபதி.

"பிறவியிலேயே இந்த முழிதான் ஐயா! வைத்தியருக்கு ஏன் கை நடுங்குகிறது?"

"நான் காலையில் சாப்பிடவில்லை. சமையற்காரரைக் கேளுங்கள்!"

ஐந்து முகத்திலும் ஒரே குழப்பம். வட்டில் பாதி நிரம்பிவிட்டது. செங்கண்ணர் ராஜாவிடம் திரும்பினார்.

"மகாராஜா, எனக்குத் துணை வேண்டும். நரியைச் சரியாகக் காட்டுபவருக்கு என் வெள்ளைக் குதிரை பரிசு. ஓலை எடுக்காதவரும் சொல்லலாம். தவறினால் தண்டனை இல்லை. நரியே கையை விரித்து 'நான்தான்' என்றாலும் குதிரை அவருக்கே!"

"உம் குதிரை, உம் இஷ்டம்" என்றார் ராஜா.

சபை சந்தைக்கடை ஆனது. ஆளுக்கொரு பெயரைக் கத்தினார்கள். ஆனால் மூடிய கைகளில் ஒன்றுகூட விரியவில்லை. அந்தக் குதிரையை மூன்று முறை விலைக்குக் கேட்டிருந்த வச்சிரபாகு, யாரையும் பார்க்காமல் வட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நரி கிடைத்துவிட்டது!" என்றார் செங்கண்ணர். "வச்சிரபாகு!"

"நான் ஓலையே எடுக்கவில்லையே!" என்று துள்ளினார் வச்சிரபாகு.

"ஐவரில் ஒருவர் நரியானால், சால்வையை விட்டுக் குதிரையை வாங்கிக்கொண்டு போயிருப்பார். ஒருவரும் கை விரிக்கவில்லை. ஆகவே நரி அங்கே இல்லை. குதிரைக்கு ஏங்கும் நீர், ஏன் ஒரு பெயர்கூடச் சொல்லிப் பார்க்கவில்லை? யாரைச் சொன்னாலும் தவறு என்று உமக்குத்தான் தெரியும்!"

ராஜா சைகை காட்டினார். ஐந்து கைகள் விரிந்தன. ஐந்தும் ஆடு! காவலர்கள் வச்சிரபாகுவின் இடுப்புக் கச்சையை உதறியதும், ஆடு ஓலை ஒன்றைப் போட்டுவிட்டு அவர் ஒளித்து வைத்திருந்த நரி ஓலை தரையில் விழுந்தது.

"இவனை நாடு கடத்துங்கள்!" என்று கர்ஜித்தார் ராஜா.

"வேண்டாம் மகாராஜா. விளையாட்டுக்கு நாடு கடத்தல் எதற்கு? ஒரு விதி போதும். இனி ஓலை கீறுபவரும் ஓர் ஓலை எடுத்து ஆட வேண்டும்."

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டார்; புது விதியையும் அறிவித்தார்.

அடுத்த ஆட்டத்தில் வச்சிரபாகுவும் ஓலை எடுத்து உட்கார்ந்தார். அவருக்குக் கிடைத்தது ஆடுதான். "நான் ஆடு! சத்தியமாக ஆடு!" என்று தொண்டை வறளக் கதறினார்.

சபையில் ஒருவர்கூட நம்பவில்லை.