பறிக்காமல் தைத்த இலை

அது உயிர்கள் எல்லாம் ஒரே மொழியில் பேசிக்கொண்டிருந்த காலம். மீன் கரையோரம் வந்து, இன்றைக்குத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று மானிடம் சொல்லும். மான் கேட்டுவிட்டுத்தான் குடிக்கும். யாரும் யாரிடமும் பொய் சொன்னதில்லை. பொய் என்று ஒன்று இருப்பதே தெரியாததால், யார் எதைச் சொன்னாலும் அப்படியே நம்புவார்கள்.

கடவுள் தம் கையால் நட்ட தோட்டத்தில்தான் எல்லோரும் குடியிருந்தார்கள். மனிதர் என்று இரண்டே பேர், முதல் மனிதனும் அவன் மனைவியும். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். அவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இரண்டே பேர் இருக்கும் ஊரில் "இங்க வா" என்றால் மற்றவர்தானே வரவேண்டும்?

அந்தத் தோட்டத்து அத்தி மரத்தில் ஒரு சிட்டு இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் உடம்பு, இலைப்பச்சை முதுகு, எப்போதும் தூக்கியே வைத்திருக்கும் வால். குரல் மட்டும் மிக மெல்லியது, பக்கத்துக் கிளைக்குக்கூடக் கேட்காது. கூடு கட்டவும் தெரியாது. யாரும் யாரையும் தின்னாத இடத்தில் கூடு எதற்கு? கிளை பிரியும் இடத்தில் கொஞ்சம் இலவம்பஞ்சைப் போட்டு, அதன்மேல் முட்டையிட்டிருந்தது.

சிட்டு தண்ணீர் குடிக்கப் போகும்போது முட்டைகள் காற்றில் உருண்டுவிடாமல் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வேலையைச் செய்து வந்தது பாம்பு. சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன். அப்போது பாம்புக்குக் கால்கள் இருந்தன, பார்க்க அத்தனை அழகு. வெயிலில் காய்ந்த வெதுவெதுப்பான உடம்பால் முட்டைகளைச் சுற்றி வளைத்துக்கொண்டு படுத்திருக்கும். இப்படி ஒரு துணை கிடைத்ததே என்று சிட்டு பூரித்துப்போயிருந்தது.

முதல் மனுஷி தினமும் அந்தப் பக்கம் வருவாள். வந்ததும் எட்டிப் பார்த்து, "இன்னும் பொரிக்கலையா?" என்பாள்.

"இல்லக்கா, இன்னும் ஆகணும்" என்று சிட்டு சொல்லும். அக்கா என்றால் என்ன உறவு என்று இருவருக்குமே தெரியாது. கூப்பிட நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

அத்தி மரத்துக்கு எதிரில்தான் அந்த இன்னொரு மரம் நின்றது. தோட்டத்தில் எதை வேண்டுமானாலும் தின்னலாம், இந்த ஒன்றின் பழத்தை மட்டும் தொட வேண்டாம், தின்றால் சாவு என்று கடவுள் சொல்லியிருந்தார். அவ்வளவு பெரிய தோட்டத்தில் அவர் போட்ட ஒரே கட்டளை அது.

ஒருநாள் காலை அவள் முட்டைகளைப் பார்க்க வந்தபோது, பாம்பு படுத்த வாக்கிலேயே பேச்சுக் கொடுத்தது.

"பாவம்மா நீங்க. இவ்வளவு பெரிய தோட்டம், தின்னத்தான் ஒண்ணும் கூடாதாமே?"

"யாரு சொன்னா? எல்லாம் தின்னலாம். எதுக்க இருக்கே, அந்த ஒண்ணு மட்டும் வேண்டாம்னாரு. தின்னா செத்துப்போயிடுவோமாம்."

"செத்துப்போறதுன்னா என்னம்மா?"

அவள் யோசித்தாள். அதுவரை அங்கே யாரும் செத்ததில்லை. "தெரியலையே" என்றாள்.

"தெரியாத ஒண்ணுக்கா இத்தனை பயம்? அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. அதைத் தின்னா ஆண்டவருக்குத் தெரியறது எல்லாம் உங்களுக்கும் தெரிஞ்சுடும். அது அவருக்குப் பிடிக்கல. அதான் வேண்டாம்னுட்டாரு."

கெட்டிக்காரப் பாம்புதான், ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரே மூச்சில் உண்மையும் பொய்யும் கலந்து, எது எது என்று பிரிக்க முடியாமல் கொடுத்துவிட்டது. அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

சிட்டுக்கு மட்டும் மனசுக்குள் ஏதோ உறுத்தியது. கடவுள் எதையும் ஒளித்துவைத்து அது பார்த்ததில்லை. மழையைக்கூடச் சொல்லிவிட்டுத்தான் அனுப்புவார். 'அக்கா, வேண்டாம்' என்று கத்த அலகைத் திறந்தது. பாம்பு மெல்லத் தலையைத் திருப்பியது.

"சத்தம் போடாதே. உள்ள இருக்கற குஞ்சுங்க பயந்துடும்" என்று இனிக்க இனிக்கச் சொன்னது. சொல்லிக்கொண்டே முட்டைகளைச் சுற்றியிருந்த வளையத்தைக் கொஞ்சம் இறுக்கியது.

சிட்டு அலகை மூடிக்கொண்டது.

அவள் அந்தப் பழத்தைப் பார்த்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கையை நீட்டிப் பறித்துத் தின்றாள். புருஷனுக்கும் கொடுத்தாள். அவன் எங்கோ தூரத்தில் இருந்தான் என்று சொல்லித் தப்ப முடியாது, பக்கத்தில்தான் நின்றான். எந்த மரத்துப் பழம் என்று ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கித் தின்றான்.

உடனே இருவருக்கும் கூச்சம் வந்தது. அதுவரை இல்லாத கூச்சம். ஒருவரையொருவர் பார்க்கவே முடியவில்லை. மரங்கள் பார்ப்பதுபோல் இருந்தது, வானம் பார்ப்பதுபோல் இருந்தது. அவன் புதருக்குள் போய்க் குந்திக்கொண்டான். அவள் குந்தவில்லை. அழுதுகொண்டே அத்தி மரத்துக்கு ஓடி வந்து அகலமான இலைகளாகப் பார்த்துப் பறித்தாள். முள் என்பது அப்போது பூமியில் முளைத்திருக்கவில்லை. பனை ஓலையில் ஓர் ஈர்க்கை உருவி, அதன் முனையால் இலையில் துளை போட்டு, வாழை நாரைக் கோத்து, இலையோடு இலையைச் சேர்த்துத் தைத்தாள்.

உலகத்தின் முதல் தையல் அது. சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை, முன்மாதிரி இல்லை, கண்ணை மறைக்கிற அழுகை வேறு. ஆனாலும் அந்தக் கைகள் நிற்கவில்லை. அவள் செய்தது தப்பு, அதில் பேச்சில்லை. ஆனால் அந்த நிலையிலும் ஒன்றைப் புதிதாகச் செய்ய முடிந்த அந்தக் கைகளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வியப்பாகத்தான் இருக்கிறது. சிட்டும் மேலே உட்கார்ந்து ஒவ்வொரு துளையாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

நண்பகல் ஆனதும் இலைகள் வாடின. தோட்டத்தில் அதுவரை எதையும் பறித்து வைக்கும் பழக்கமே கிடையாது. பழத்தைப் பறித்தால் அப்போதே தின்பார்கள், பூவையும் இலையையும் தொடவே மாட்டார்கள். அதனால் பறித்த இலை வாடும் என்பது அவர்களுக்குத் தெரியாது. எல்லாம் தெரிந்துவிடும் என்று தின்றார்களே, இது தெரியாமல் போய்விட்டது! பொழுது சாய்வதற்குள் இலைகள் சருகாகிச் சுருண்டு, தையல் போட்ட இடமெல்லாம் கிழியத் தொடங்கியது.

சாயங்காலக் காற்று வீசும் நேரத்தில் கடவுள் வழக்கம்போல் தோட்டத்தில் நடந்து வந்தார். இருவரும் மரங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். அசையாமல்தான் நின்றார்கள். ஆனால் பயத்தில் உடம்பு நடுங்கியது, உடம்பிலிருந்த சருகு சலசலத்தது.

"ஏன் இந்த ஒளிவு?" என்று கடவுள் கேட்டார்.

"நீங்க எனக்குக் குடுத்தீங்களே, இவதான் பறிச்சுக் குடுத்தா" என்றான் அவன்.

"பாம்பு பேசிப் பேசி ஏமாத்திடுச்சு" என்றாள் அவள்.

பாம்புக்குக் கைகாட்ட யாரும் இல்லை. சிட்டு கிளை நுனிக்கு வந்து நின்றது. 'நீ என்ன செய்தாய்?' என்று அடுத்துத் தன்னைக் கேட்பார் என்று காத்திருந்தது. கடவுள் கேட்கவில்லை. நிமிர்ந்து ஒருமுறை அதைப் பார்த்தார், அவ்வளவுதான். கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று சிட்டுக்குத் தோன்றியது.

பாம்பின் கால்கள் போயின. இனி வயிற்றால் ஊர்ந்து மண்ணைத் தின்ன வேண்டும், மனுஷி பெறும் பிள்ளைகளுக்கும் அதற்கும் தீராப் பகை என்று தீர்ப்பானது. மனிதர் இருவரும் தோட்டத்தை விட்டுப் போகவேண்டும். வேர்வை சிந்தித்தான் சாப்பாடு, வலியோடுதான் பிரசவம், கடைசியில் மண்ணுக்கே திரும்பவேண்டும்.

ஆனால் அந்தச் சருகுகளோடு அவர்களை வெளியே அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. தோலால் உடை செய்து, தாமே உடுத்திவிட்டார். அந்தத் தோல் நேற்றுவரை யாருடையதாக இருந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. மடியில் தலைவைத்துப் படுக்கும் ஆட்டினுடையது. சாவு என்றால் என்ன என்று அப்போதுதான் பார்த்தாள். தோலைத் தடவிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

இருவரும் வாசலை நோக்கி நடந்தார்கள். அங்கே தேவதூதன் ஒருவன் நெருப்பாய் எரியும் வாளோடு காவலுக்கு வந்து நின்றுவிட்டான்.

அதே நேரம், அத்தி மரத்தில் பாம்பு வயிற்றால் ஊர்ந்து ஏறிக்கொண்டிருந்தது. சிட்டின் முட்டைகளைப் பார்த்தது. அந்தப் பார்வை பழைய பார்வையாக இல்லை, பசித்த பார்வையாக இருந்தது.

"நீ போயி தண்ணி குடிச்சுட்டு வா. நான் பாத்துக்கறேன்" என்றது.

சிட்டு போகவில்லை. காலையில் தொண்டையில் அடைத்துக்கொண்ட அந்தக் கூச்சல், இப்போது அடக்க முடியாமல் வெடித்து வந்தது. "அக்கா! அக்கா! அக்கா!" அந்தச் சின்ன உடம்பிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று சிட்டுக்கே தெரியாது. தோட்டத்தின் மறு எல்லைவரை கேட்டது.

வாசலைத் தாண்டக் கால் வைத்தவள் அப்படியே திரும்பி ஓடினாள். தேவதூதன் வாளை உயர்த்தினான்.

"விடு. அவள் வேலையை முடித்துவிட்டு வரட்டும்" என்றார் கடவுள். வாள் தாழ்ந்தது.

அவள் கிளையைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினாள். பாம்பு பொத்தென்று விழுந்தது. குதிகாலால் தரையை ஓங்கி மிதித்தாள். பாம்பு புல்லுக்குள் ஓடி மறைந்தது. முட்டைகள் பஞ்சோடு அப்படியே இருந்தன.

"அக்கா," சிட்டு குரல் உடைந்து பேசியது. "காலையில அது பேசினதெல்லாம் நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். தப்புன்னு தெரிஞ்சுது. வாயைத் திறந்தேன். முட்டைய நினைச்சு மூடிட்டேன். நான் கத்தியிருந்தா நீங்க..."

அவள் சிட்டையே பார்த்தாள். கோபப்பட அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது.

"என் புருஷன் என்னைக் கை காட்டினாரு. நான் பாம்பைக் கை காட்டினேன். இப்ப உன்னை வேற காட்டணுமா? போதும்" என்றாள். "தள்ளு, முட்டைய எடுக்கறேன். அது மறுபடியும் வரும்."

அவள் மரத்தைச் சுற்றி வந்து, பாம்பின் பாரம் தாங்காத ஒரு மெல்லிய கொம்பின் நுனியைத் தேர்ந்தெடுத்தாள். அது கைக்கு எட்டவில்லை. அதற்குள் புருஷனும் வந்துவிட்டான். கொம்பைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டான். அன்றைக்கு முழுவதும் அவன் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

மரத்தடியில் கழற்றிப் போட்டிருந்த சருகு உடையில் செருகியிருந்த ஈர்க்கையும் மிச்ச நாரையும் அவள் உருவினாள். கொம்பில் தொங்கிய இரண்டு பெரிய இலைகளைக் குவித்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைக்கத் தொடங்கினாள்.

"அக்கா, உங்க இலை மாதிரி இதுவும் காய்ஞ்சு சருகாயிடுமே?"

"நாங்க பறிச்சோம். நீ பறிக்காதே. கொம்புலயே விட்டுத் தை. கொம்புல இருக்கற வரைக்கும் அது பச்சையாத்தான் இருக்கும்."

சொல்லிவிட்டு அவளே கை வேலையை நிறுத்தி, அந்த இலைக் காம்பைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஈர்க்கைக் கீழே போட்டாள். "மிச்சத்தை நீ தை. உன் அலகே போதும்." சிட்டு அலகால் துளையிட்டு, நாரை இழுத்து, தட்டுத் தடுமாறிக் கடைசித் தையல்களைப் போட்டது. அவள் பஞ்சை உள்ளே திணித்து முட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். கொம்பை விட்டதும் அந்தப் பை இலையோடு இலையாகக் கலந்துபோயிற்று. அங்கே கூடு இருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது.

தன் வெட்கத்தை மறைக்கக் கண்டுபிடித்த தையல் அது. வீடிழந்து போகிற வேளையில், அதைக் கொண்டு இன்னொரு உயிருக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

குஞ்சுகள் பொரித்தன, வளர்ந்தன, பறந்தன. அன்றைக்கே சிட்டு அவற்றைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தது.

"உன்னை யாரும் போகச் சொல்லவில்லையே?" என்றான் தேவதூதன்.

"தெரியும். அக்கா அங்க இருக்காங்க" என்றது சிட்டு. எரியும் வாளுக்கு மேலே எழும்பி வெளியே பறந்தது. விரட்டப்படாமல் தானாகவே தோட்டத்தை விட்டு வந்த உயிர் அது ஒன்றுதான்.

முள் முளைத்த நிலத்தைக் கொத்திக்கொண்டிருந்த அவளை அது கண்டுபிடித்தது. அவள் குடிசையோரச் செடியில் இரண்டு இலைகளைத் தைத்துக் குடியேறியது. வெளியே வந்தபின் உயிர்களின் பேச்சு ஒன்றுக்கொன்று புரியாமல் போனது. 'அக்கா' என்று அது கூப்பிட்டது அவள் காதில் வெறும் சத்தமாகத்தான் விழுந்தது. ஆனாலும் அவளுக்கு முதல் பிள்ளை பிறந்து, நிழலில் தோல் விரித்துப் படுக்கவைத்திருந்த ஒரு பகலில், புல் அசைவதைச் சிட்டு பார்த்தது. பிறகு தோட்டத்திலிருந்து விரட்டப்பட்ட பாம்புதான். கூட்டில் குஞ்சுகள் இருந்தன. இந்த முறை அது வாயை மூடவில்லை. அது கத்திய கத்தில் அவள் ஓடி வந்து பிள்ளையை வாரி எடுத்தாள். நிமிர்ந்து செடியைப் பார்த்தாள். பச்சை மாறாத இரண்டு இலைகளும் அவற்றில் தன் தையலும் தெரிந்தன. தோட்டத்துச் சிட்டு தன்னைத் தேடி வந்துவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது.

அன்றைக்குத் தொடங்கியதுதான், தையல்சிட்டு நம் வீட்டோரச் செடியிலேயே இலையைப் பறிக்காமல் தைத்துக் கூடு கட்டுவதும், பாம்பைக் கண்டால் தன் குஞ்சுக்கும் நம் குஞ்சுக்கும் சேர்த்து உடம்புக்கு மீறிக் கத்துவதும்.