உப்புக்கிடங்கின் கூரை

இருநூறு வருஷத்து உப்புக்கிடங்கு காலியாகக் கிடந்தது. அதைத் தங்களுக்கு வீடாக்கப் பன்னிரண்டு குடும்பங்கள் வங்கியில் கடன் கேட்டு மனு போட்டிருந்தன. இன்று கடன் கிடைக்காவிட்டால் நாளை நகராட்சி கிடங்கை இடித்துவிடும்.

பார்வையிட வந்த மேனேஜர் ஜம்புலிங்கம் முகத்தைச் சுளித்தார். "இந்தக் கிழட்டுக் கூரையை நம்பி என் செருப்பைக்கூட விடமாட்டேன். நம்பலாம்னு இப்பவே நிரூபி, பாப்போம்!"

"மழை வரட்டும் சார்" என்றாள் மனு போட்டவர்களில் ஒருத்தியான சித்தாள் சவேரியம்மா. வங்கிக் கூரையில் வருஷா வருஷம் ஓட்டை அடைப்பவள் அவள்தான்.

மேனேஜர் ஸ்கூட்டரைக் கிளப்பப் போனார். மேகம் கலைந்துவிடுமோ என்று அவள் வானத்தை அண்ணாந்து பார்த்தாள்.

கொட்டியது மழை. மேனேஜர் கிடங்குக்குள் ஓடிவந்தார். உள்ளே ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. சற்று நேரத்தில் போன் வந்தது: வங்கி ஒழுகுகிறது, ஃபைலெல்லாம் நனைகிறது.

"ஐயோ, நனையாத இடத்துக்கு எங்கே போவேன்?"

"இங்கேயே கொண்டாரச் சொல்லுங்க சார். எங்க மனு மட்டும் மேலாப்ல இருக்கட்டும்."