நாலு ரூமுக்கு ஒரு பில்

பழனியில் கந்தப்ப முதலாளியின் லாட்ஜில், ரூம் புக்கிங் பதியும் டேட்டாபேஸுக்கு லைசென்ஸ் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க, அதை விற்ற கம்பெனியின் அதிகாரி கிருபாகரன் விறைப்பாக வந்து இறங்கினார்.

"டேட்டாபேஸ் ஒரு சர்வர் கம்ப்யூட்டர்லதான் ஓடுது. ஆனா உங்ககிட்ட இருக்கிற நாலு சர்வர்ல எதுக்கு வேணும்னாலும் அது மாறலாம். நாலுக்கும் லைசென்ஸ் வாங்கணும். ரூல்னா ரூல்."

முதலாளி, லாட்ஜில் கம்ப்யூட்டர் பார்க்கும் பூரணியைக் கூப்பிட்டார்.

"தங்கிட்டுப் போங்க சார், காலையில பேசலாம்," என்றாள் பூரணி.

காலையில் நாலு ரூமுக்கும் சேர்த்து பில்லை நீட்டினாள்.

"நான் ஒண்ணுலதானே படுத்தேன்?" என்று எகிறினார் அதிகாரி.

"மாடியில இருக்கிற நாலுல எதுல வேணும்னாலும் படுத்திருக்கலாமே சார்."

"மத்த மூணும் பூட்டிக் கிடந்துச்சும்மா. எப்படிப் போவேன்?"

"டேட்டாபேஸையும் ஒரே சர்வர்ல வெச்சுப் பூட்டிட்டேன் சார். அது மட்டும் எப்படிப் போகும்?"

கிருபாகரன் ஒரு சர்வருக்கு மட்டும் லைசென்ஸ் எழுதினார். அந்த ஒரு ரூமுக்கும் காசு வேண்டாம் என்றுவிட்டார் முதலாளி.