விட்டுப்போன எட்டாம் பாட்டு

"யாரு சொல்றது நெசமுங்க, வாத்தியாரய்யா?"

கேட்டவள் பாவாயி. வயது அறுபத்தெட்டு. நாற்பது வருடம் ஊர் ஊராகப் படுகளக் கதை பாடியவள், போன மாதம் அதையே ஒரு ஆல்பமாகப் போட்டாள். பயப்பட ஒரு காரணத்தைத் தானே தேடிப்போய் வாங்கிக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"பாதிப் பேரு ஆகா ஓகோங்கறாங்க. பாதிப் பேரு, கேட்டா எழவு வீட்டுல உக்காந்த மாதிரி இருக்குது, நிறுத்திட்டோம்ங்கறாங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க. சோறு எறங்கலீங்க."

செங்கோட வாத்தியாருக்குத் தொண்ணூறு நெருங்குகிறது. அவளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர்.

"எத்தன பாட்டு?"

"ஏழுங்க."

"கடைசிப் பாட்டு?"

"வீரனும் ஆளுகளும் களத்துல சாயறதுங்க."

"எழுப்புப் பாட்டு?"

பாவாயி சேலைத் தலைப்பைத் திருகினாள்.

கோயில் திருவிழாவில் படுகளத்தன்று, கதையில் செத்த வீரர்களாக ஆட்கள் தரையில் கிடப்பார்கள். அவர்களுக்கு உயிர் கொடுக்கும் எழுப்புப் பாட்டைப் பாடி முடிக்கும்வரை ஒருவரும் அசையக்கூடாது. மழை கொட்டினாலும் சரி. அதைப் பாடாமல் எந்தப் பாட்டுக்காரரும் களத்தை விட்டுப் போக மாட்டார்.

"அதுல உச்சத்துல நிக்கோணுமுங்க. எனக்கு அங்க குரல் ஒடையுது. ஊரே சிரிக்குமேன்னு விட்டுப்போட்டனுங்க."

வாத்தியார் தோள் துண்டை உதறித் தரையில் விரித்தார். மல்லாந்து படுத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏனுங்க?"

அவர் தோளைத் தொட்டு உலுக்கினாள்.

"வெளையாடாதீங்க. எந்திரிங்க."

நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாள். தெரியவில்லை. மூக்கருகே விரலை வைத்தாள். அதில் மூச்சும் படவில்லை.

வீட்டில் வேறு ஆள் இல்லை.

"ஐயா."

உள்ளங்காலைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. எழுப்பாமல் விட்டு நான்தான் கொன்றுவிட்டேன் என்று நினைத்தாள்.

என்ன செய்வது என்று தெரியாமல் எழுப்புப் பாட்டைப் பாடினாள்.

முதல் அடி பிசகாமல் வந்தது. இரண்டாம் அடியில் உச்சத்துக்கு ஏறினாள். பழந்துணி மாதிரி குரல் கிழிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வாத்தியாரின் உதடு மட்டும் அசைந்தது.

"பாதி உசுருதான் வந்திருக்குது, அம்மிணி. மீதியையும் பாடு."